சிரிக்கிற பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து ஊரில் இருந்தது புதுக் கட்டடம்: இரண்டு மாடி, ரோஸ் நிறச் சுவர், வாசலில் பெரிய கேட். இன்னொன்று ரயில்வே கேட்டைத் தாண்டி, ஓடு வேய்ந்த பழைய வகுப்பறைகளோடு இருந்தது. அதற்குச் சுற்றுச்சுவர்கூட ஒரு பக்கம் இல்லை.

அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். சேலையின் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். பள்ளிக்கூட விஷயத்தில் அவர் அந்தப் பெரிய வாசல் கேட்டைத் தாண்டி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி என்று முடிவு செய்துவிட்டார். அம்மா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தாள். விசாரிக்க அவளுக்கு நேரம் இல்லாததால் தன் தம்பியிடம் பொறுப்பை ஒப்படைத்தாள்.

மாமா ஷேர் ஆட்டோ ஓட்டினார். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐயம்பேட்டை வழியாக எங்கள் ஊர் வரை அவருடைய ரூட். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும், பஸ்ஸை விட்டுவிட்டால் அவர் வண்டியில்தான் வருவார்கள். அவர் எந்தத் தலைமையாசிரியரையும் போய்ப் பார்க்கவில்லை. நான்கு நாள் சாயங்காலம் என்னைத் தன் சீட்டின் ஓரத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"வாயத் தொறக்காத பாப்பா. பின்னாடி இன்னா பேசிக்கினு வராங்கன்னு மட்டும் கேளு" என்றார்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏறும்போதே வண்டி குலுங்கும். கணக்கு பீரியடில் அன்றைக்கும் கோ-கோ ஆடியிருப்பார்கள், அல்லது பாட்டுப் போட்டி நடந்திருக்கும். கணக்கு வாத்தியார் எப்படி மூக்கை உறிஞ்சுவார் என்று ஒருத்தன் நடித்துக் காட்டினான். "அவரு மாத்தலாகிப் போயி ஒரு வருசம் ஆவுது, இன்னும் விட மாட்டியாடா" என்று ஒரு பெண் கேட்டதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

ரயில்வே கேட் பிள்ளைகள் ஏறினால் ஒரே சண்டை. மூன்றாம் நாள் இரண்டு பெண்கள் ஒரு முக்கோணத்தை முன்சீட்டின் முதுகில் விரலால் வரைந்து வரைந்து அடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்று தடவை திரும்பப் போடச் சொல்லிவிட்டாராம் வாத்தியார். கணக்கு முடியாததால் இன்னொருத்தி தான் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டாள். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவளை இறக்கிவிட்டார்.

நான்காம் நாள் டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஸ்கூலு புடிச்சிருக்குது?"

"சிரிக்கிறாங்களே, அது."

அவர் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா சொன்னார்: "உங்க பொண்ணையே கேட்டுட்டேன் மாமா. ரயில்வே கேட் ஸ்கூல்லதான் படிப்பேன்னு அடம் புடிக்குது. அங்க கணக்கு நல்லா நடக்குதாம்."

என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. மாமாவைப் பார்த்தேன். அவர் முருங்கைக்காயை மிகுந்த கவனத்தோடு பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியாம்மா?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"பாரு, இதுக்கு இருக்கிற பொறுப்ப" என்று அப்பா அம்மாவிடம் பெருமைப்பட்டார். மச்சான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். மகள் சொன்னதால் கேட்டார்.

ஜூனில் சேர்ந்தேன். முதல் மாதம் எனக்குக் கணக்கு என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. வாத்தியார் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவ போடும்மா" என்பார். ஒரு நாள் நான்காவது முறையும் திருப்பிக் கொடுத்தார். மாமாவின் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். வழியில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஏறி, சிரித்து, இறங்கினார்கள். வண்டி காலியானதும் கேட்டேன்.

"ஏன் மாமா பொய் சொன்ன?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானும் பக்கத்து ஊரு ஸ்கூல்லதான் பாப்பா படிச்சேன், பழைய கட்டடம் இருந்தப்ப. அப்பவும் கணக்கு வாத்தியார் கெடையாது. நாங்களும் இப்படித்தான் சிரிச்சுக்கினே போனோம், சிரிச்சுக்கினே வந்தோம்."

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மாமா மூன்று முறை எழுதித் தேறாமல்தான் வண்டிக்கு வந்தார் என்பது எனக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. ஆனால் அவர் சொன்னதோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்தச் சந்தோஷத்தையெல்லாம் தான் அனுபவித்துவிட்டு, எனக்கு மட்டும் கிடைக்காமல் செய்துவிட்டார். அடுத்த பத்து நாள் அவர் வண்டியில் ஏறவில்லை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பஸ்ஸை ஒட்டி அவருடைய ஆட்டோ வரும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.