உப்பு பார்க்காத சாம்பார்

கடலூரில் நான் இருக்கும் குடியிருப்பில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒற்றுமைத் திருவிழாவாம். எல்லா மதத்துக்காரர்களும் அவரவர் வீட்டில் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நோட்டோடு வந்த மாடிவீட்டுப் பெண்ணிடம், "சாம்பார் வச்சுக் குடுத்துடுறேம்மா" என்றேன். தனிக்கட்டைக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான்.

"சாம்பாருக்கு ஏற்கெனவே மூணு பேரு இருக்காங்க அங்கிள். நீங்க அப்பளம் கொண்டாந்துருங்க" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பளம் என்றால் அப்பளம், எனக்கென்ன! ஆனால் சாம்பார் என்று வாயைத் திறந்ததுதான் வினை. அன்று முழுக்க, சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளை ஞாபகமாகவே போயிற்று.

திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்னுடையது. கிள்ளைத் தபாலாபீசில் வேலை கிடைத்த பிறகுதான் கடலையே கண்ணால் பார்த்தேன். சிதம்பரத்தில் அறை, காலையில் பாசஞ்சர் வண்டி. பேசுவதற்கு ஒரு ஜீவன் கிடையாது. ஆபீசுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஜமால் பாய்தான் முதலில் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம் என்னை 'சார்' என்றார். அப்புறம் மச்சான் ஆகிவிட்டேன்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடலில் தீர்த்தவாரிக்கு வருவார். தர்கா பக்கம் வரும்போது பாய்மார்கள் தட்டில் மாலையும் பழமும் கொடுப்பார்கள். பதிலுக்குக் கோயில் மாலை தர்காவுக்குப் போகும். சாம்பிராணியும் கற்பூரமும் ஒரே காற்றில் அடிக்கும். இதையெல்லாம் நோட்டுப் போட்டு யாரும் நடத்தவில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு ஜமால் பாய் வீட்டில். சாமி வருகிற நாள் என்று அவர்கள் மீனே எடுக்கமாட்டார்கள். நானோ மீனுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவேன். எனக்காகவே முருங்கைக்காய் சாம்பார் வைத்திருப்பார்கள். இந்த மரியாதையை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஒரு வருஷம் மாசி மகம் நோன்பு மாதத்தில் வந்துவிட்டது. அது எனக்கு உறைக்கவே இல்லை. போனேன், உட்கார்ந்தேன், பாதிச் சாப்பாட்டில்தான் கேட்டேன்: "நீங்க உக்காரலையா பாய்?"

"நாங்க நோன்பு மச்சான். நீங்க சாப்புடுங்க."

கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி நூர்ஜகான் சொன்னார்: "பாதியில எந்திரிச்சிடாதீங்கண்ணே, எங்களுக்குக் கஷ்டமாப் பூடும். உப்பு மட்டும் சரியா இருக்கான்னு சொல்லுங்க. நான் வாயில வச்சுப் பாக்கல."

உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. "கரெக்டா இருக்கு தங்கச்சி" என்றேன். சொன்னதைக் காப்பாற்ற இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகு தாகம்! காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காத மனிதர் செம்பு செம்பாக எனக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்படி ஊற்றும்போதுதான் கேட்டார்: "உங்க ஊரு எப்புடி மச்சான் இருக்கும்? நான் அந்தப் பக்கமே வந்ததில்ல."

"ஒரு நாளு கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

அடுத்த வருஷம் திட்டக்குடியில் எனக்குக் கல்யாணம். ஒரு பத்திரிகையில் ஜமால் பாய் பெயரை எழுதினேன். பந்தியில் அவரை எங்கே உட்காரவைப்பார்கள், அம்மா என்ன சொல்வாள், பெண்வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதை ஆபீஸ் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். திடீர்க் கல்யாணம், யாருக்கும் சொல்ல முடியவில்லை என்று அவரிடம் கதை விட்டேன்.

"அதனால என்னா மச்சான், மாசி மகத்துக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கினு வந்துருங்க" என்றார்.

போனோம். மூன்று வருஷம் இரண்டு பேருமாக அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு கடலூருக்கு மாற்றலாகிவிட்டது. ஒரு தடவைகூட அவரை என் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வெட்கக்கேடு. எழுதவே கை கூசுகிறது.

ஜமால் பாய் இறந்துபோனது எட்டு மாதம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. நூர்ஜகான் மகளோடு சென்னைக்குப் போய்விட்டாராம், முகவரி சொல்ல ஆளில்லை.

அம்மா போய்விட்டாள். பெண்வீட்டுப் பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மனைவி போய் நாலு வருஷம். மகன் பெங்களூரில். யாருக்குப் பயந்து அந்தப் பத்திரிகையைப் பூட்டிவைத்தேனோ, அவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு இல்லை. என் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தத் தட்டில் சாப்பிட்டார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. இப்போது ஜமால் பாயைத் தாராளமாகக் கூப்பிடலாம்.