நெடுக்குவாட்டில் ஒரு மடிப்பு

பொன்னுராஜ் வாத்தியார் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் நெடுக்காகத்தான் மடிப்பார். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, மாமனார் வீட்டுக் கடுதாசி எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். நெடுக்காக மடித்து, கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே ஒரு நீவு நீவுவார். அதன் பிறகே குறுக்கே ஒரு மடிப்பு, சட்டைப்பை.

“கரண்டு பில்லுக்கும் ஓட்டுப் போட்டாச்சா? எந்தச் சின்னம்?” என்று மனைவி பரிபூரணம் கேலி செய்வாள்.

தேர்தல் வேலைக்குப் போய்ப் போய்த் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. வாக்குச்சீட்டைக் குறுக்கே மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தில் ஒட்டிவிடும், ஓட்டு வீண். நெடுக்கே மடித்தால் மை தன் வரிசையை விட்டு நகராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. இராஜபாளையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை. வரலாறும் குடிமையியலும் எடுத்தார். ஓட்டுப் போடும் வயதைப் பதினெட்டாகக் குறைத்த வருஷம், 1989. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் நின்றுகொண்டு சொன்னார்: “ஏலே, இன்னும் மூணு வருசத்துல நீங்க ஓட்டுப் போடப்போறிய. அதை இங்கேயே பழகிருவோம்.”

வகுப்புத் தலைவனைத் தலைமையாசிரியர் கைகாட்டுவதுதான் அதுவரை வழக்கம். நான்கு வருஷமாகக் கைகாட்டப்பட்டவன் மலைச்சாமி. பள்ளிச் செயலாளர் கண்ணுச்சாமியின் மகன். கண்ணுச்சாமிக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் இருந்தது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தகப்பனோ தாயோ அங்கேதான் ஷிப்டு பார்த்தார்கள்.

மலைச்சாமிக்குக் குடைச் சின்னம். எதிர்த்து நின்றவள் சுடலைமாடத்தி, தறிக்காரர் மகள், மணிச் சின்னம். சைக்ளோஸ்டைலில் அடித்த சீட்டு, பின்பக்கம் நம்பர், அதே நம்பரோடு கையெழுத்துப் போட அடிக்கட்டை, விரலில் மை, துணிக்கட்டு வந்த அட்டைப்பெட்டி. நிஜச் சாவடியில் இருப்பது ஒன்று விடாமல் செய்திருந்தார்.

“கொடிக்கு சல்யூட் அடிக்க ரெண்டு நிமிசம் போதும்லே. ஒருத்தன் போட்ட ஓட்டை வெளிய சொல்லாமக் காப்பாத்துறது இருக்கு பாரு, அது ஆயுசுக்கும். அதுக்குப் பேருதான் நாட்டுப்பற்று.”

“அப்ப என் ஓட்டு எங்கம்மைக்குக்கூடத் தெரியக்கூடாதா சார்?”

“உங்கம்மைக்கு என்ன, எனக்கே தெரியக்கூடாது.”

மணிக்கு இருபத்தொன்பது. குடைக்குப் பதின்மூன்று. சீட்டுகளைக் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, வகுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியர் ஐயாதுரை கூப்பிட்டனுப்பினார். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“செயலாளர் சீட்டையும் அடிக்கட்டையையும் திங்கக்கிழமை கொண்டாரச் சொல்லுதாரு. அந்த இருபத்தொம்பது யாருன்னு பாக்கணுமாம்.”

“பாத்து என்ன செய்யப்போறாராம்?”

“அதை எங்கிட்டக் கேட்டா? தறியில வேலை பாக்கிறவிய பிள்ளையள்னு உமக்குத் தெரியாதா? நான் பிள்ளைகுட்டிக்காரன், சார்.”

மில் சங்கு ஊதியது. பொன்னுராஜ் தன் மேஜையிலிருந்த அடிக்கட்டைகளை எடுத்து நெடுக்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு பால்கோவாப் பட்டறை. விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கேட்காமலே குனிந்து அடிக்கட்டைகளைத் தீக்குள் தள்ளினார். நாற்பத்திரண்டு கையெழுத்தும் சுருண்டு கறுத்தன.

“என்ன வாத்தியாரே, காதல் கடுதாசியா?” என்றார் பட்டறைக்காரர்.

“ஆமா, நாப்பத்திரண்டு பேரு எழுதினது.” அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றியபோது மிஞ்சிய வெற்றுச் சீட்டு ஒன்று கீழே விழுந்தது. பின்பக்கத்தில் நம்பர்: 43. எடுத்து மடிக்கப் போனவருக்குக் கை நின்றுவிட்டது. நிஜச் சாவடியில் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டுத்தான் கொடுத்தார்கள். இவரோ வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். ஒன்றாம் சீட்டு முதல் பெயருக்கு, நாற்பத்திரண்டாம் சீட்டு கடைசிப் பெயருக்கு. யார் ஓட்டு என்று கண்டுபிடிக்க அடிக்கட்டையே வேண்டாம். சீட்டும் பதிவேடும் போதும்.

“என்னத்தைத் தொலைச்சிய?” என்றாள் பரிபூரணம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். அலமாரிப் பூட்டு வாய் பிளந்து தொங்கியது. உள்ளே தேசப்படம் இருந்தது, சாக்பீஸ் டப்பா இருந்தது. சீட்டுக்கட்டு இல்லை.

திங்கட்கிழமை கண்ணுச்சாமி தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அடிக்கட்டை எங்க சார்?”

“எரிச்சிட்டேன்.”

கண்ணுச்சாமி கோபப்படவில்லை. வெளியே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார். “எரிச்சிட்டீகளா? நல்லது. எனக்கு அது வேண்டாம். தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு.”

அந்த ஒரு வார்த்தை மத்தியான ஷிப்டுக்குள் தறிக்கூடம் முழுக்கப் போய்விட்டது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. யாரையும் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. அதுதான் பயமாக இருந்தது. தறிக்காரர்கள் மேஸ்திரி முகத்தைப் பார்த்துக்கொண்டே நெய்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் வந்து நின்றார்கள். “எம்மவன் குடைக்குத்தான் போட்டான் சார், செயலாளரய்யாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.” பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தனியே வந்து, கேட்காமலே, குடைக்குப் போட்டதாகச் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள். பொன்னுராஜ் யார் கண்ணையும் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை சுடலைமாடத்தி வந்தாள். மேஜையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

“நீ எதுக்கு வந்தே? நீதான் ஜெயிச்சவ.”

“எனக்கு நானே போடலன்னு சொல்லச் சொன்னாக சார், எங்கய்யா.”

“நீ போட்டியா இல்லையா?”

“நீங்கதான சார் சொன்னிய, உங்களுக்கே தெரியக்கூடாதுன்னு.”

மறுநாள் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் மலைச்சாமியைத் தலைவனாக அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டாமல் நிற்க யாருக்கும் தைரியமில்லை. மலைச்சாமி தலையைக் குனிந்தே நின்றான். திருட்டுச் சொத்தை வாங்குகிறவனுக்கு இந்த வெட்கமாவது இருக்கிறதே என்று பொன்னுராஜ் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் வகுப்பில் தேர்தல் வைக்கவில்லை. வாக்குரிமைப் பாடம் வந்தால் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். “அஞ்சு மார்க்குக் கேள்வி. எழுதிக்கோங்க.” அந்த நாற்பத்திரண்டு பேரில் யார் வீட்டில் எது நடந்தாலும், ஒரு தகப்பனுக்கு வேலை போனாலும், ஒருத்தி படிப்பை நிறுத்தினாலும், தான் வரிசையாகக் கொடுத்த சீட்டுதான் காரணம் என்று கணக்கிட்டார். சுடலைமாடத்தி பதினொன்றாம் வகுப்புக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்ட அன்று சாப்பிடவில்லை. காகிதங்களை மடிப்பதையும் விட்டுவிட்டார். டிக்கெட்டைக் கசக்கிப் பையில் திணித்துக்கொள்வார். பரிபூரணம் கேலி செய்வதை நிறுத்தினாள். 1998 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த தை மாதம் இறந்துபோனார்.

அந்த வருஷம் பங்குனியில், ராணுவத்திலிருந்து லீவில் வந்த மலைச்சாமி துக்கம் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருக்கிறான். பரிபூரணத்தின் முன்னால் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்திருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில், சீட்டுகளை வாங்கிப் பார்க்கப்போவதாக அப்பா பேசியதைக் கேட்டுவிட்டு, சாயங்காலமே அலமாரிப் பூட்டை நெம்பி எடுத்துப் போனதாகவும், அப்பாவுக்குப் பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். டப்பாவுக்குள் சீட்டுக்கட்டு இருந்தது. பத்து வருஷமாகியும் முடிச்சின் மேலிருந்த அரக்கு உடையவில்லை.