காய்ச்சல் இல்லாத நாக்கு

ஒருத்தன் காய்ச்சலில் விழுந்ததைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். சொல்ல வெட்கம்தான், என்ன செய்ய? ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் யாராவது நோயில் படுத்துவிட்டால், கஞ்சி காய்ச்ச வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரன் மாதம் ஒரு முறையாவது படுத்தான். அவனும் நானும் ஒரே பட்டறையில் இரும்பு சுமக்கிறவர்கள். அவன் வராத நாளெல்லாம் அவன் பங்கையும் நான் சுமந்தேன். தோள் கன்றிப்போய் வீடு திரும்பினால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரிசிக் கஞ்சி வாசம். அதில் என் வீட்டு அரிசியும் ஒரு பிடி. அவன் மனைவி அவனுக்கு விசிறுவாள், ஊட்டிவிடுவாள். கொடுத்து வைத்தவன் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு நாள், வேலைக்கு வராதவன், வாசலில் உட்கார்ந்து அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். முறைக்காய்ச்சல் விட்டு விட்டு வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். காய்ச்சலாவது மண்ணாவது, எல்லாம் நடிப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் நடிக்கலாம், நான் நடிக்கக் கூடாதா?

மறுவாரம் ஒரு காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உடம்பை உதறினேன். என் மனைவி நம்பினாள். பட்டறைக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். மத்தியானத்துக்குள் ஆறு வீட்டு அரிசி வந்துவிட்டது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அவள் கிழங்கைத் தின்றபடி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் அவன் வந்தான். அன்றைக்கு என் பங்கையும் சேர்த்துச் சுமந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே இரண்டு கொய்னா மாத்திரை. மனைவியின் பட்டுச்சேலை ஒன்றைக் கிள்ளானில் யாரோ ஒருவனிடம் கொடுத்து வாங்கியதாம். காய்ச்சலுக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை, ஆஸ்பத்திரியிலேயே கிடைக்காது. ஒன்றை என் கையில் வைத்தான்.

"எனக்கு ஒன்னு போதும்ணே. நீங்க இப்பவே போடுங்க, நான் பாக்கணும்."

போட்டேன். கசக்கவே இல்லை. கொய்னாவின் கசப்பு எனக்குத் தெரியாதா? இது வெறும் மாவு. ஆனால் காய்ச்சல்காரனுக்குப் பச்சைத் தண்ணீரே கசக்கும். கசக்கவில்லை என்று நான் சொன்னால், எனக்குக் காய்ச்சலே இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. முகத்தைச் சுளித்துக் காட்டினேன். அவனுக்குத் திருப்தி.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் அவன் விழுந்தான். இந்த முறை அவன் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் ஆடியது. வைத்திருந்த இன்னொரு மாத்திரையைப் போட்டும் சூடு இறங்கவில்லை. அவன் மனைவி கல்யாணக் கூறைச்சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டில் கைமாற்ற அது ஒன்றுதான் மிச்சம். அதே ஆளிடம் போகும் முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வந்திருந்தாள்.

"அண்ணே, அந்த மாத்திரை உங்களுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்றால், மறுநாளே எப்படி எழுந்தீர்கள் என்று கேட்பாள். வரிசை முழுக்க நாறிப்போகும். அதோடு, இதையும் சொல்லிவிடுகிறேன்: அவனுக்காகக் கூறைச்சேலையைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருத்தி இருக்கிறாளே என்று அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

"கேட்டுச்சு, தங்கச்சி" என்றேன்.

மூன்று மாத்திரையோடு வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லா கசக்குது, நல்ல மாத்திரைதான் என்று அவன் அவளுக்குத் தைரியம் சொன்னான். நான்காம் நாள் அவனைத் தூக்கினோம். முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான்தான்.

காரியம் முடிந்த பிறகும் அவள் அந்தக் கிள்ளான்காரனைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"உங்களுக்குக் கேட்டுச்சே, அவருக்கு மட்டும் ஏன்ணே கேக்கல?"

கேட்டுவிட்டு என் கைகாலைப் பார்ப்பாள், பிறகு என் மனைவியைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? அவன் இருந்தபோது அவள் வீட்டு வாசலை நான் வயிறு எரிந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.