மாமாவின் அறையில் இருமல்

எங்கள் வீட்டுப் பூனைக்கு இருமல் இருந்தது எனக்கு முதலிலிருந்தே தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கழுத்தை நீட்டித் தரையோடு படிந்து அது இருமும். நேரில் பார்த்தால் தொண்டையில் முள் சிக்கியதுபோல இருக்கும். சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்டால் ஓர் ஆள் இருமுவதுபோலவே இருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மத்திகிரியில் வாடகை வீடு. அம்மாவின் தம்பி ஓசூரில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். பின்பக்கத்துச் சின்ன அறை அவருடையது. ஷிப்டு முடிந்து மாமா வந்து படுத்தால் பூனையும் அவர் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவர் கிளம்பினால் அதுவும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பல்லி பிடிக்கக் கிளம்பிவிடும்.

மாமாவுக்குச் சிங்காரப்பேட்டையில் ஒரு பெண் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வீட்டைப் பார்த்துப்போகப் பெண்ணின் அப்பா வந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். மாமா தலை சீவிக்கொள்ள அறைக்குள் போனார். உடனே உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டு. கடைசியில் ஓர் இழுப்பு வேறு.

கேசரியை எடுத்த கை பாதியில் நின்றது.

"பவுண்டரித் தூசு ஆகாதுங்க. சளி டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமா சீப்பும் கையுமாக வெளியே ஓடிவந்தார். "ஐயோ, அது நான் இல்லைங்க. பூனைங்க!"

"நாப்பது வருசமா ஆடு மாடு வெச்சிருக்கறேன் தம்பி. பூனை எங்கயாச்சும் இருமுமா?"

பூனையைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் விட்டோம். அது எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, காலைத் தூக்கிச் சாவகாசமாக நக்கத் தொடங்கியது. "இருமித் தொலையேன்" என்று மாமா கெஞ்சினார். அது இருமவில்லை.

"மாட்டாஸ்பத்திரி பக்கத்துலதான இருக்குது? வாங்க, கேட்டுடலாம்" என்று அவரே எழுந்தார்.

அவரும் மாமாவும் நானும் ஆட்டோவில் போனோம். பூனை காய்கறிப் பையில், பை மாமா மடியில். மருத்துவர் கேட்கப்போகும் மலச் சாம்பிளைப் பயத்தில் அது வழியிலேயே கொடுத்துவிட்டது. பை நனைந்தது. மாமாவின் புது வெள்ளைப் பேண்ட்டும் நனைந்தது. மருத்துவர் சிரிக்காமல் பேண்ட்டிலிருந்தே கொஞ்சம் வழித்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"நுரையீரல் புழு. வந்து பாருங்க."

பெண்ணின் அப்பா குனிந்தார். "அடேங்கப்பா, நெளியுதே!"

மருத்துவர் விளக்கினார். "நுரையீரல்ல பொரியற குஞ்சுப்புழு இருமறப்ப தொண்டைக்கு வரும். பூனை அதை முழுங்கிடும், அப்புறம் கழிவோட வெளிய வரும். அங்கிருந்து நத்தைக்குள்ள போகும். நத்தையத் தின்ன பல்லியோ எலியோ குருவியோ, எதைப் பூனை தின்னாலும் புழு மறுபடி பூனைக்குள்ள. பூனைக்குப் பூனை நேரா ஒட்டாது. மனுசனுக்கும் வராது."

"அது இருக்கட்டுங்க. வந்ததே வந்தோம், மாப்பிள்ளையையும் ஒருவாட்டி பாத்துடுங்களேன்."

"அதுக்கு நான் படிக்கலைங்க" என்றார் மருத்துவர்.

பெண்ணின் அப்பா செல்போனை மைக்ராஸ்கோப்பின் மேல் வைத்து, நெளிகிற புழுவை வீடியோ எடுத்துச் சிங்காரப்பேட்டைக்கு அனுப்பினார். மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஆட்டோ நிற்பதற்குள் மாமா குதித்து, பரீட்சையில் பாஸான பையனைப்போல் கத்தினார். "அக்கா! பூனைக்கு நுரையீரல் பூரா புழு!"

"மாதாவே, பூனைக்குத்தானா!" என்று அம்மா கைகளைக் கூப்பினாள். கேசரியைத் திரும்பச் சூடு பண்ணினார்கள். பெண்ணின் அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத் திருமணத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். வீடே சிரித்தது. வாயில்லாத ஜீவனுக்கு நோய் என்றால் இவர்களுக்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கேசரியைத் தொடாமல் பூனையோடு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மருந்து கலக்கப் பால் கேட்டுச் சமையலறைக்குப் போனேன். அம்மா மாமாவின் தட்டையும் தம்ளரையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவற்றைத் தனி அலமாரியில் வைத்து, என்னைத் தொடவிடாமல் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தவள், இப்போது எங்கள் தட்டுகளுக்கு நடுவில் அடுக்கினாள். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அழாதம்மா. மருந்து குடுத்தா பூனைக்கு நல்லாயிடும்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். அப்படியும் அழுகை நிற்கவில்லை. பூனை மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மத்தியானம் சிரித்ததற்காக அவளை அங்கேயே மன்னித்துவிட்டேன்.