ஸ்பீக்கருக்குக் கிடைத்த இடம்

கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்பீக்கர் என்பார்கள். கடை அவள் அம்மாவுடையது, அம்மா தையல்காரி. பேண்ட், சட்டை, பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் கச்சிதமாகத் தைப்பாள். கல்யாணமான புதிதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை, அதன் அளவுதான் போனது. ரகசியத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். திட்ட வேண்டிய ஆளைக் குசுகுசுவென்று திட்டுவாள். மெஷினில் நூல் சிக்கினால் மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கால் சொல்லிவிடும்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் ஆறு வயதிலிருந்து மகள்தான் கடைக்கு வாய். வந்தவர் சொல்வதை உதட்டை நன்றாக விரித்து, சொல் சொல்லாகப் பிரித்து அம்மாவுக்குச் சொல்வாள். சத்தம்கூட வராது.

கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்தது ஆசைப்பட்டு அல்ல. மற்ற மொழி வகுப்புகள் நிரம்பிவிட்டதால் மிச்சம் இருந்ததில் தள்ளிவிட்டார்கள். ஆனால் அது அவளைப் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் வாயையும் தன் வாயையும் கவனித்தே வளர்ந்தவளுக்கு உச்சரிப்பு பச்சக்கென்று ஒட்டியது. இரண்டாம் வருடம், ஸ்பானிஷ் பேசுகிற ஈக்வடாருக்குப் போய் ஒரு வருடம் படிக்க இடம் வந்தது. வகுப்பிலேயே அவளுக்கு மட்டும். செலவெல்லாம் கல்லூரியுடையது. போகிறாளா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார் ஸ்பானிஷ் மேடம்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை காலை கடையிலிருந்தே மேடத்துக்குப் போன் போட்டாள். அம்மா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அந்தக் குடும்பத்தில் ரகசியம் பேச அது போதும். ஆனால் அன்றைக்கு அவள் நின்றது ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால். வேறு யாராக இருந்தாலும் அப்போதுகூடத் தப்பித்திருப்பார்கள், வாயை மென்று முழுங்கிப் பேசியிருப்பார்கள். இவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாதே. போனிலும் உதட்டை விரித்து, சொல் சொல்லாகப் பிரித்து வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் மேடம். அம்மாவைத் தனியா விட முடியாது. நான் இல்லைன்னா அவங்களால ஒண்ணும் முடியாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மெஷின் நின்றிருந்தது, அம்மாவின் கண் கண்ணாடியில் இருந்தது.

"எது வேண்டாம்?" என்றாள் அம்மா, தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில்.

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கடைசிவரை அவள் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி நாலு வருஷம் இந்தக் கடையை நடத்தினேன். அப்போ யாருடி ஸ்பீக்கர்?"

அம்மா மேசை டிராயரைத் தட்டிக் காட்டினாள்.

"நோட்டும் பென்சிலும் வெச்சிருந்தேன். தப்பு வரும். பிரிச்சுத் தைப்பேன். ஒண்ணும் முடியாதாம்ல."

மகள் துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். பிறகு மேடத்திடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். உண்மையில் பயம் அவளுக்குத்தான். வகுப்பில் மேடம் நிதானமாகப் பேசுவது வேறு, அந்த ஊர்க்காரர்கள் தெருவில் படபடவென்று பேசுவது வேறு.

"யார் என்ன பேசறாங்கன்னே புரியாம, கூட்டத்துக்கு நடுவுல பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கணும்மா."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அய்யோ பாவம். எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

மகள் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கிப் போனது.

அந்த நேரம் பார்த்து பேண்ட் துணியோடு ஒரு வாட்ச்மேன் வந்தார். உதட்டையே மூடுகிற மீசை. வழக்கம்போல் ஸ்பீக்கரிடம் ஆரம்பித்தார். அம்மா மகளுக்கு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"தைக்கிறது நான்தான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஒரு தடவை சொன்னார். புரியவில்லை. சத்தமாகச் சொன்னார். அதில் என்ன பிரயோசனம்? மூன்றாம் தடவை மீசையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாதி புரிந்தது. மீதியை மேசை மேல் சாக்பீஸால் எழுதினார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஸ்பீக்கர் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், அந்த மனுஷனுக்கும் தெரியும். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருந்தாலும் அளவு எடுத்தாகிவிட்டது, வேலை நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

அவள் எழுந்து வாசலுக்கு வந்து மேடத்தைத் திரும்பக் கூப்பிட்டாள். மேடம் பொரிந்து தள்ளினார். அரை மணி நேரத்துக்கு ஒரு பேச்சா, பிரின்சிபாலுக்கு இன்னும் சொல்லவில்லை, அதனால் பிழைத்தாய் என்றார். பிறகு குரலைத் தணித்து, அம்மா தனியாக என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் பின்பக்கம் இரண்டு பாக்கெட் கேட்கிறார் போலிருக்கிறது. துணி போதாது என்று அம்மா ஒற்றை விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கஸ்டமரோட சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க மேடம்," என்றாள். "நீங்க என் பேரை எழுதிக்கோங்க."