தோட்டத்துக்காரருக்கு மட்டும் வந்த மறதி

எழுபதுகளில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஒரே மருந்துதான். போத்தல் மட்டும் மாறும். நிறைய வாசிப்பவன் என்று பெயர் எடுத்திருந்ததால், நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் வரும் நாட்களில் மொழிபெயர்க்க என்னை அனுப்புவார்கள்.

டாக்டர் கொழும்புச் சிங்களவர், நல்ல மனிதர். என்னோடு ஆங்கிலம் பேசுவார். புரை எடுக்கும்போது நோயாளி அசையாமல் படுக்க வேண்டும். ஆகவே வயதானவர்களுக்குப் புத்தி தெளிவா என்று பார்க்க முதலில் மூன்று கேள்விகள் கேட்பார். கடை முதலாளிகளும் பென்ஷன் கிளாக்குகளும் பாஸ். தோட்டத்துக் கிழவர்களோ “தெரியாதுங்க” என்று கைகட்டி நின்று வரிசையாக பெயில். பெயில் என்றால் டிமென்ஷியா, அதாவது மறதி நோய். டிமென்ஷியா என்றால் ஆபரேஷன் கிடையாது.

“தோட்டங்களில் மட்டும் இந்த நோய் ஏன் இவ்வளவு?” என்று டாக்டர் கவலைப்பட்டார். குளிராக இருக்கலாம் என்று நானும் மேதாவித்தனமாகச் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் எங்கள் தோட்டத்துச் செல்லையா வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். நான் வேலைக்கு வரும்போதே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் லயத்து வீட்டுப் படி இறங்குவார். அதனால் அவள் கொழுந்து பறிக்கப் போகாத நாட்களே அதிகம்.

“தங்கள் அகவை யாது?” என்றேன்.

“எனக்குக் கண்ணுதாங்க தெரியல. தமிழ்லயே கேளுங்க.”

வயதைக் கேட்டேன்.

“தோட்டத்துச் செக்ரோல் பதிவுல ஒண்ணு, பிரஜாவுரிமை ஆபீசுக்கு எழுதிக் குடுத்தது ஒண்ணு, எங்காத்தா சொன்னது ஒண்ணு. எது வேணுமாம்?”

பிரதமர்?

“யாரா இருந்தா என்னாங்க? எங்களுக்குத்தான் ஓட்டு இல்லியே.”

எந்த நாடு?

“இங்கத்த ஆபீசுல இந்தியான்னாங்க. இந்தியா ஆபீசுல சிலோன்னாங்க. முடிவானதும் சொல்லியனுப்புறேன்.”

எல்லாவற்றையும் அப்படியே மொழிபெயர்த்தேன். “பாவம், சொந்த நாடுகூடத் தெரியவில்லை” என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

“ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலைங்கப்பா!” என்று மகள் அழத் தொடங்கினாள்.

“சார், அதே கேள்விகளை என்னிடம் கேளுங்கள்” என்றேன்.

கேட்டார். எனக்கும் இரண்டு வயதுக் கணக்கு இருந்தது, ஒன்று பள்ளிக்கூடத்துக்காக. பிரதமர் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். நாட்டில் மாட்டிக்கொண்டேன். என் பிரஜாவுரிமை மனுவையும் இரண்டு நாட்டு ஆபீசுகளும் தள்ளியிருந்தன.

“தெரியாது சார். எனக்கும் டிமென்ஷியா என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

“நீயுமா?”

“தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர், சார்.”

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, செல்லையா காலையில் என்ன சாப்பிட்டார், எப்படி வந்தார் என்று கேட்கச் சொன்னார்.

“ரொட்டியும் கட்டச் சம்பலும். பஸ்ஸு தலவாக்கலையில நின்னுபோச்சு, எறங்கித் தள்ளுனோம். டாக்டரய்யா காலையில என்னா சாப்பிட்டாங்கன்னு கேளுங்க.”

கேட்டேன். டாக்டர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள், பின்னாலேயே டாக்டரும்.

செல்லையாவுக்கு ஆபரேஷன் நடந்தது. திருப்பி அனுப்பப்பட்ட கிழவர்களையெல்லாம் தோட்டத்து லொறியில் ஏற்றி வந்தோம். புதுக் கேள்விகளில் ஒருவர் தவிர எல்லாரும் பாஸ். அந்த ஒருவருக்கு உண்மையாகவே மறதி நோய். அவரையும் டாக்டர் விட்டுவிடாமல் பார்த்தார்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பதில் வராவிட்டால், அது அவர் தலையில் இல்லையா, நாட்டிலேயே இல்லையா என்று முதலில் பாருங்கள்.

கட்டு அவிழ்த்த அன்று செல்லையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானா அது? கொரலக் கேட்டு, ஆளு இன்னும் கொஞ்சம் பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

மகளைத் தேடவில்லை, தானே படியிறங்கிப் போனார்.