ஏலிக்குட்டியின் எண்ணெய்த் தலை

என் தம்பி வர்க்கிச்சனின் மனைவி ஏலிக்குட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனாலும் அந்த டிசம்பரில் அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர் வந்தது.

வலது கண் திடீரென்று மங்கி, சிவப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்றாள். ரப்பர் பால் வெட்டும்போது மரத்தில் கத்தியை ஆழமாக இறக்கிவிட்டாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"விழியில குறை தெரியல. பின்னால நரம்பு எப்படியிருக்குன்னு டெஸ்ட் பண்ணணும்."

முதல் பாதிதான் வர்க்கிச்சன் காதில் விழுந்தது. "குறையில்லையாம்! விடியக்காலம் எழுந்து பால் வெட்டச் சோம்பல். வேறென்ன?"

"சேச்சி, நான் நடிக்கிறேனா?" என்று அவள் என்னிடம் அழுதாள். மாதாவை வேண்டிக்கொண்டு அந்த டெஸ்டுக்கு நானே கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

தலையின் பின்னால் வயர் ஒட்ட வேண்டும், ஷாம்பு போட்டுக் குளித்து வாருங்கள், எண்ணெய் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவளும் குளித்தாள். டெஸ்ட் எடுக்கும் ஷீபா ஒட்ட ஒட்ட வயர் வழுக்கி விழுந்தது.

"எண்ணெய் வைக்காதீங்கன்னு சொன்னோம்ல?"

"குளிக்கிறதுக்கு முன்னால வைக்கவே இல்ல மோளே! பரட்டைத் தலையோட வரலாமான்னு, குளிச்சப்புறம் ஒரு கை தேய்ச்சேன்."

ஷீபா டெஸ்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டாள்.

அடுத்த வாரம் வர்க்கிச்சனும் கூட வந்தான். எண்ணெய் இல்லை. தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று உச்சியில் ராஸ்னாதிப் பொடி! ஷீபா பெருமூச்சு விட்டுத் துடைத்து ஒட்டினாள். டிவியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் துள்ளின. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடுப் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஷீபாவின் கம்ப்யூட்டரில் கோடு எழும்பவே இல்லை.

"சேச்சி, ரெண்டு கண்ணையும் மூடிட்டீங்களா?" என்று ஏலிக்குட்டியிடம் கேட்டாள் ஷீபா.

"ஜெபம் சொல்றேன்."

"பாத்தியா நடிப்ப!" என்றான் வர்க்கிச்சன்.

மாதா மன்னிக்கட்டும், நானே கத்திவிட்டேன். "கண்ணத் திறந்து வச்சு ஜெபிச்சாலும் மாதா கேப்பாடி! புள்ளியப் பாரு!"

பார்த்தாள். முடிவைப் படித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இடக்கண்ணு பாக்கிறது நேரத்துக்கு மூளைக்குப் போகுது. வலக்கண்ணுது தாமதமாப் போகுது. நரம்பு வீக்கம். இது நடிப்பில்ல. ஊசி போடுவோம், பார்வை பெரும்பாலும் திரும்பிடும்."

"அப்போ, பார்வை வருது, லேட்டா வருதா?" என்றான் வர்க்கிச்சன்.

"கள்ளுஷாப்புலேர்ந்து நீங்க வீட்டுக்கு வர்ற மாதிரி" என்றாள் ஏலிக்குட்டி. ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளை ஊசிக்குச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவன் பக்கத்து ஆளிடம், "நரம்புதான்னு நான் அப்பவே சொன்னேன்" என்கிறான்! ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் அவள் மரங்களிலும் அவனே பால் வெட்டினான். அவளிடம் மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை. அது அவன் வாய்க்கு வந்து சேர இன்னும் எவ்வளவு தாமதமாகுமோ, மாதாவுக்கே தெரியும்.